நண்பருக்காகக் கேட்ட கச்சேரி

சங்கீத ரஸிகர்களை மூன்று வகுப்பினராகப் பிரிக்கலாம். கச்சேரிக்கு நேரில் சென்று கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவர்கள் முதல் வகுப்பினர். போய் வந்தவர்களிடம் விசாரித்துத் தெரிந்து கொண்டு அபிப்பிராயம் சொல்கிறவர்கள் இரண்டாம் வகுப்பினர். கச்சேரியையும் கேளாமல், கேட்டவர்களையும் கேளாமல், தாராளமாக அபிப்பிராயம் வழங்குகிறவர்கள் மூன்றாம் வகுப்பினர். ஜாஸ் என்னும் அமெரிக்க சங்கீதத்தைப் பொறுத்த வரையில் நாம் வெகு காலம் மூன்றாம் வகுப்பில் ஆயுள் அங்கத்தினராக இருந்து வந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக் கொண்டு விடுகிறோம்.

நம்முடைய அபிப்பிராயம் சுருக்கமானது. வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல் என்று நம் பெரியோர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்த யானையின் கையில் ஒரு டிரம்பெட்டையும் கொடுத்துவிட்டால் அதுதான் ஜாஸ் என்று சொல்லி வந்தோம். இதைக் கேட்டு நம் நண்பர் ஒருவர் மட்டும் கோபித்துக் கொள்வதே இல்லை. "வாஸ்தவந்தான் ஓய்! ஆனால் அந்த யானை ஓர் அடி கூடத் தாளம் தவறாமல் நடக்கிறதே, அதைக் கவனித்தீரா?" என்பார். நாம் கவனித்ததில்லை. கவனிப்பதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டுமே!

இந்த நண்பர் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். பார்த்தஸாரதி கோயில் நாகஸ்வரத்தைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு ஜாஸ் எப்படி வந்து சேர்ந்தது என்றால், ஆகாச மார்க்கமாகத்தான். 1957-ம் வருஷம் அவருக்குப் பதினைந்து வயது. மாமா வீட்டில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. வீட்டார் உறங்கிய பிறகு அதன் முள்ளைத் திருகிக் கொண்டிருந்தபோது 'அமெரிக்கக் குரல்' நிலையம் அகப்பட்டது. வில்லிஸ் கானோவர் என்பவர் 1955 முதல் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி வந்தார். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கும் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாக எடுத்து வைத்துப் பேசுவார். இந்தக் கானோவரின் கதை விசித்திரமானது. உலகத்தின் பல தேசங்களில் லட்சக்கணக்கானோர் அவர் குரலை அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த நிலையம் சொந்த நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் தடுத்திருந்தபடியால், 1996-ல் அவர் காலமானபோது அவருடைய ஊரிலேயே அவரைத் தெரிந்தவர்கள் சொற்பம்.

சிற்றலை ரேடியோவின் குணம் நேயர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சங்கீதம் அலையைப் போல் மேலே எழும்பும். பிறகு இரைச்சலில் அமிழ்ந்து போகும். மறைந்து போகும் பத்து வினாடியை நம் நண்பர் தாமே மனத்துக்குள் பாடி நிரப்பிக் கொள்வாராம். திரும்பவும் ஒலி வரும்போது தாம் பாடிக் கொண்டிருந்த இடமும் ரேடியோ பாடும் இடமும் ஒன்றாக இருந்துவிட்டால் அன்றிரவு தூக்கமே வராதாம்.

பின்னால் மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுக்களைப் பொறுக்கிச் சேர்க்க ஆரம்பித்தார். தாம் மட்டும் கேட்டால் போதாது என்பது ரஸிகனுக்குள்ள வியாதி. நமக்கு மாதம் ஒரு கார்டு எழுதுவார். "இம்மாதம் கேட்க வேண்டியது" என்று தலைப்பிட்டு, ஒரே ஓர் இசைத்தட்டின் பெயரும், அதில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக் கொள்ள வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் கார்டுகளின் வெற்றிடத்தில் நம் வீட்டில் பால் கணக்கு எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புக்களைவிட நம் வீட்டுப் பால் கணக்கு முக்கியமானது என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

அவருக்கு வாழ்நாளில் ஒரு குறை உண்டு. 1963-ம் வருஷம் ட்யூக் எல்லிங்டன் தம்முடைய வாத்தியக் கோஷ்டியுடன் அமெரிக்க அரசாங்கத்தின் சார்பில் கீழ் நாடுகளில் யாத்திரை செய்தார். டில்லி, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களுடன் நம் மதராஸுக்கும் வந்தார். நண்பர் அப்போது தெற்கே ஒரு சிற்றூரில் புதிதாகக் குமாஸ்தா உத்தியோகத்தில் அமர்ந்திருந்தார். லீவு கேட்டார். "எல்லிங்டன் உமக்கு என்ன உறவு?" என்று மேலதிகாரி கேட்டாராம். உறவு என்று சொல்ல நண்பருக்குத் தைரியம் வரவில்லை. லீவும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஜாஸ் கச்சேரியையாவது நேரில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் அவருக்கு ஏற்படவே இல்லை. உத்தியோகம், தங்கைகளின் கலியாணம், குழந்தைகளின் படிப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது காது போய்விட்டது.

முழுச் செவிடு இல்லை. அருகில் உட்கார்ந்து உரக்கப் பேசினால் விளங்கும். ஆனால் சங்கீதம் மட்டும் கோணலாகிவிட்டது. காதுக்கருவி மாட்டிக் கொண்டால், பேச்சைப் பெரிதாக்குவதற்காகச் செய்யப்பட்ட அந்தச் சாதனம் பியானோவைத் தகரமாக அடிக்கிறது. ஐந்தாறு வருஷங்களாக அவர் இசைத்தட்டு அலமாரியைத் திறப்பதில்லை.

2024 மே மாதத்தில் நாம் நம் குமாரியைப் பார்க்க அமெரிக்கா புறப்பட்டபோது விடைபெறச் சென்றோம். "நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. போய்க் கேட்டுவிட்டு வாரும். வந்து எனக்குச் சொல்லும்" என்றார். "என்ன சொல்ல வேண்டும்?" என்றோம். "கேட்டதைத்தான்" என்றார்.

* * *

வில்லேஜ் வேன்கார்ட் என்பது நியூயார்க் நகரில் கிரீன்விச் வில்லேஜ் என்னும் பகுதியில், ஏழாவது அவென்யூவில், பூமிக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு கூடம். 1935-ல் மாக்ஸ் கார்டன் என்பவர் இந்த இடத்துக்கு வந்து நடத்தத் தொடங்கினார். ஆதியில் கவிஞர்கள் வந்து கவிதை படித்தார்கள். 1957 முதல் முழுக்க முழுக்க ஜாஸ்தான். ஸானி ராலின்ஸ், ஜான் கோல்ட்ரேன், பில் எவன்ஸ் ஆகிய மேதைகள் இங்கே வாசித்தவை இசைத்தட்டுக்களாகி உலகெங்கும் பரவின. இவ்வளவு கீர்த்தி பெற்ற ஸ்தலம் நம் ஊர் சபா மண்டபம் போல் இருக்கும் என்று எண்ணிச் சென்றோம். குறுகலான படிகளில் கைப்பிடியைப் பற்றிக் கொண்டு இறங்கினால், முக்கோணம் போல் ஒரு பக்கம் ஒடுங்கிய அறை. நூற்றிருபது பேருக்கு மேல் உட்கார இடமில்லை. ஒடுங்கிய மூலையில் மேடை. முன் வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் டிரம்மில் இடிக்கும்.

நாம் முதலில் சென்றது ஒரு திங்கட்கிழமை. 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் என்ற இருவர் ஒரு பெரிய கோஷ்டியைச் சேர்த்து, மற்ற வேலைகள் இல்லாத திங்கட்கிழமை இரவுகளில் இங்கே வாசிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் போன பிறகும் அந்தத் திங்கட்கிழமை வழக்கம் நிற்கவில்லை. ஐந்து ஸாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, பாஸ், டிரம், ஆகப் பதினாறு பேர் அந்த மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

நாம் இஞ்சி சோடா ஒன்று வரவழைத்துக் கொண்டு, நம் வழக்கப்படி தொடையில் ஓங்கித் தட்டித் தாளம் போட ஆரம்பித்தோம். பக்கத்து நாற்காலிக்காரர் நம் தொடையை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வித்வத்தைக் கண்டு வியக்கிறார் போலும் என்று எண்ணிக் கொண்டோம்.

பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கில் இரவு எட்டு மணி என்றால் நம் உடம்புக்கு மறுநாள் விடியற்காலை. பதினாறு வாத்தியங்கள் பத்தடி தூரத்தில் முழங்கிக் கொண்டிருக்க, நாம் தூங்கிப் போனோம்! நம் குமாரி முழங்கையால் இடித்து, "அப்பா! முடிந்துவிட்டது. கை தட்டுங்கள்" என்றாள். மிகவும் உற்சாகமாகக் கை தட்டினோம்.

மறுநாள் நண்பருக்குக் கைத்தொலைபேசி மூலம் செய்தி அனுப்பினோம். "பிரமாதம். பதினாறு பேர். கட்டடமே அதிர்ந்தது." சில மணி நேரத்தில் பதில் வந்தது. காகிதத்தில் தம் கையாலேயே எழுதி, பேரனைக் கொண்டு படம் பிடித்து அனுப்பியிருந்தார். பதினொரு கேள்விகள். டிரம் வாசித்தவர் குச்சியால் வாசித்தாரா, கம்பித் துடைப்பத்தாலா? பாஸ் வாத்தியத்தின் மரச் சத்தம் கேட்டதா, ஒலிபெருக்கியின் சத்தந்தான் கேட்டதா? ஒருவர் தனித்து வாசிக்கும்போது மற்றவர்கள் எங்கே பார்த்துக் கொண்டிருந்தார்கள்? பியானோக்காரர் எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்? கண்ணாடி டம்ளர் சத்தம் கேட்டதா? இப்படிப் பத்து. பதினொன்றாவது கேள்வி: "தூங்கிவிடவில்லையே?"

நீண்ட கால சிநேகிதத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு தூரம் அறிந்து வைத்திருப்பது சில சமயம் சௌகரியமாக இருப்பதில்லை. அந்தக் காகிதத்தைப் பல முறை படித்தோம். பத்துக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. எண்பத்திரண்டு வயதான ஒரு மனிதர், அறுபத்தேழு வருஷம் காத்திருந்துவிட்டு, தமக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்டு வரும்படி நம்மிடம் இரண்டு காதுகளை ஒப்படைத்திருந்தார். அந்தக் காதுகளை நாம் வில்லேஜ் வேன்கார்டில் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தோம்.

* * *

வியாழக்கிழமை மறுபடியும் போனோம். மாப்பிள்ளை இரண்டாம் தடவை டிக்கெட் வாங்கிக் கொடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. அன்று பிற்பகலில் மூன்று மணி நேரம் வேண்டுமென்றே உறங்கி, மடியில் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம்.

அன்றைக்கு மூவர் மட்டுமே வாசித்தார்கள். பியானோ, டிரம், அப்புறம் பாஸ் எனப்படும் ஆளுயரப் பிடில். ஆரம்பிப்பதற்கு முன்பு, கைத்தொலைபேசிகளை அணைத்துவிடவும், பேசாமல் கேட்கவும் வேண்டும் என்று அறிவித்தார்கள். அப்புறம் நாம் அந்த அறையில் கேட்ட மௌனத்தை நம் ஊரில் கர்ப்பக்கிருகத்தில்கூடக் கேட்டதில்லை.

முதலில் பியானோக்காரர் ஒரு மெட்டை எளிமையாக வாசித்துக் காட்டினார். முப்பத்திரண்டு பகுதிகள் கொண்ட ஒரு சுற்று அது. பகுதிக்கு நான்கு அட்சரம். நம் பல்லவியைப் போல அந்தச் சுற்றுத்தான் கச்சேரிக்கு அஸ்திவாரம். மெட்டு முடிந்ததும், அதே சுற்றின் மேல் அவரவர் மனோதர்மத்தைக் காட்ட வேண்டும். நமக்கு ராகம் எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சுற்றில் வரிசையாக மாறி வரும் ஸ்வரக் கூட்டங்கள் அப்படி. ஒரு கூட்டம் இரண்டு விநாடி நின்று வேறொன்றாக மாறும். ஓடும் ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தாவுகிறவனைப் போல், அந்தந்தக் கணத்தில் எந்தக் கூட்டம் வருகிறதோ அதில் சரியாகக் கால் வைத்துக் கொண்டே புதிய மெட்டுக் கட்ட வேண்டும். பியானோக்காரர் அவசரப்படவே இல்லை. ஒரு சிறு பிரயோகத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் பாஸ்காரர் அதற்கு ஒரு பதில் சொன்னார். பியானோக்காரர் மேடையிலேயே சிரித்துவிட்டார். 'மற்றவர்கள் எங்கே பார்த்தார்கள்? பாஸ்காரரின் இடது கையை' என்று நோட்டில் எழுதிக் கொண்டோம்.

டிரம் வாசித்தவர் முதலில் கம்பித் துடைப்பத்தால் தோலைத் தடவிக் கொண்டிருந்தார். அரிசி புடைக்கும் ஓசை. பிறகு குச்சியை எடுத்து வெண்கலத் தட்டில் மெல்ல நடத்தினார். ஒவ்வொரு தட்டும் தனித்தனியே கேட்டது. ஆனால் ஒரு தட்டு ஓய்வதற்குள் அடுத்தது அதில் வந்து கலந்தது. முடிவில் பியானோ எட்டுப் பகுதி, டிரம் எட்டுப் பகுதி என்று மாறி மாறி வாசித்துப் பிறகு நான்கு, நான்கு எனக் குறைத்துக் கொண்டு வந்தார்கள். நம்மையறியாமல் "பலே!" என்று சொல்லிவிட்டோம். இது நம் மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனத்தில் செய்கிற குறைப்பு அல்லவா? வெண்கலக் கடை யானை என்று எத்தனை வருஷம் சொல்லி வந்தோம்! நம் வீட்டு யானையை அடையாளம் தெரியாமல் போய்விட்டதே!

பிறகு பாஸ்காரர் தனியாக வாசித்தார். மற்ற இருவரும் கையை எடுத்துவிட்டார்கள். தந்தியை விட்ட பிறகும் மரம் முனகுவது கேட்டது. அப்போது பின்னால் எங்கேயோ ஒரு டம்ளரில் பனிக்கட்டி சரிந்து கண்ணாடியில் மோதிய சத்தம் வந்தது. ஒரே ஒரு தடவை. அதையும் எழுதிக் கொண்டோம். நண்பர் அதை ஏன் கேட்டார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

* * *

கச்சேரி முடிந்ததும் ரஸிகர்கள் உடனே வீட்டுக்குப் போய்விடுவது எந்த தேசத்திலும் கிடையாது போலிருக்கிறது. நம் ஊரில் சபா வாசலில் நின்று காம்போதியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களைப் போலவே இங்கும் நடைபாதையில் நாலைந்து பேர் நின்றார்கள். நோட்டுப் புத்தகக் கிழவரைப் பார்த்து அவர்களுக்கு ஆவல். நாம் நண்பரின் கதையைச் சொன்னோம். அக்கூட்டத்திலிருந்த ஒரு கறுப்பின முதியவர் நம் நோட்டை வாங்கித் தெரு விளக்கில் பார்த்துவிட்டு, "டம்ளர் சத்தமா? உங்கள் நண்பர் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக் கேட்டிருக்கிறார்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 1961 ஜூன் 25. பில் எவன்ஸ் பியானோவும், ஸ்காட் லபாரோ பாஸும், பால் மோஷன் டிரம்மும் இதே மேடையில் பிற்பகல் இரண்டு, இரவு மூன்று, ஆக ஐந்து முறை வாசித்தார்கள். ஒலிப்பதிவு நடந்து கொண்டிருந்தது. கூட்டத்தில் பலர் பாட்டைக் கவனிக்கவில்லை. பேசினார்கள், சிரித்தார்கள், டம்ளர்களை மோதினார்கள். அவையெல்லாம் இசைத்தட்டில் இருக்கின்றன. அதற்குப் பதினோராம் நாள், ஜூலை 6-ம் தேதி, லபாரோ மோட்டார் விபத்தில் மாண்டார். வயது இருபத்தைந்து. எவன்ஸ் பல மாதங்கள் பொது மேடையில் வாசிக்கவே இல்லை. அந்த மூவர் கூட்டணி கடைசியாகப் பதிவானது அந்த ஞாயிறுதான். இன்றைக்கு உலகமெங்கும் ரஸிகர்கள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக் கொண்டு அதைக் கேட்கிறார்கள். நேரில் இருந்தவர்களில் சிலரோ டம்ளரைக் கவனித்துக் கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நாவெழவில்லை. திங்கட்கிழமை நாம் செய்ததும் அதுதானே?

அந்த முதியவர் தெற்கே சில நிமிஷ நடைத் தூரத்தில் உள்ள ஷெரிடன் சதுக்கத்தின் திசையைக் காட்டினார். அங்கே 'கபே சொஸைட்டி' என்ற கூடம் இருந்ததாம். கறுப்பரும் வெள்ளையரும் சரிசமமாக உட்கார்ந்து கேட்கலாம் என்று 1938-ல் திறக்கப்பட்டது. அந்நாளில் அது சாமானிய விஷயம் அல்ல. அதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான் இதே நகரத்தில் 'காட்டன் கிளப்' என்ற இடத்தில் எல்லிங்டன் வாசித்தார். மேடையில் கறுப்பர், கேட்பவர் வெள்ளையர் மட்டுமே என்பது அங்கே சட்டம். கபே சொஸைட்டியில் 1939-ல் பில்லி ஹாலிடே என்ற பாடகி, கறுப்பர்களைக் கும்பல் கூடி மரத்தில் தூக்கிலிடும் கொடுமையைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ப்ரூட்' என்ற பாட்டைப் பாடுவாள். அதை எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போது பரிசாரகர்கள் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள்; பாடகியின் முகத்தில் விழும் ஒரு விளக்கைத் தவிர மற்ற விளக்குகள் அணைந்துவிடும். அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களின் சந்ததிகள் உலகத்துக்குக் கொடுத்த சங்கீதம் இது. டம்ளர் சத்தம் இல்லாமல் அதைக் கேட்க வைப்பதற்கே அவர்கள் பாடுபட வேண்டியிருந்தது.

விடைபெறும்போது வந்தவர்கள் ஒவ்வொருவரும் நம் நோட்டில் தமக்குப் பிரியமான இசைத்தட்டு ஒன்றை எழுதினார்கள். பதிலுக்கு நாமும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், மாலி புல்லாங்குழல் என்று எழுதிக் கொடுத்தோம். முதியவர், "அந்த மண் பானை வாசித்தவர்?" என்று கேட்டார். 1975-ல் ஜான் மக்லாலின் என்ற ஜாஸ் கிட்டார் வித்வானுடன் 'சக்தி' கோஷ்டியில் நம் விநாயக்ராம் வாசித்த கடத்தைத்தான் சொல்கிறார்! அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தபோது, ஏதோ நாமே வாசித்துவிட்ட மாதிரி கர்வமாக இருந்தது.

* * *

நேயர்களில் யாருக்கேனும் ஆசை பிறந்து, "எதைக் கேட்பது?" என்று வினவக் கூடும். நண்பரின் கார்டுகளையும் நடைபாதை நண்பர்களின் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பொதுவாக அகப்பட்டவற்றைக் கீழே தருகிறோம். இப்போது மூர் மார்க்கெட்டைத் தேட வேண்டாம். அது 1985-ல் எரிந்து போயிற்று. கையிலுள்ள தொலைபேசியிலேயே எல்லாம் கிடைக்கின்றன.

முதலாவது, லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் மாதம் சிக்காகோவில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தனி டிரம்பெட் ஆரம்பத்தில் படியேறி இறங்குகிறதே, அந்தச் சில விநாடிகளுக்காகவே அதை ஆயிரம் தடவை கேட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, எல்லிங்டன் 1956 ஜூலை 7-ம் தேதி இரவு நியூபோர்ட் நகர விழாவில் வாசித்தது. அவர் புகழ் மங்கிவிட்டது என்று பலரும் பேசிக் கொண்டிருந்த காலம். நள்ளிரவு நெருங்கும் வேளையில் பால் கான்ஸால்வஸ் என்ற ஸாக்ஸபோன்காரர் எழுந்து நின்று ஒரே மெட்டின் மேல் இருபத்தேழு சுற்று இடைவிடாமல் வாசித்தார். ஜனங்கள் நாற்காலிகள் மீது ஏறி ஆரவாரித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: கான்ஸால்வஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிவாங்கியை விட்டுவிட்டு, அமெரிக்கக் குரல் நிலையத்தாரின் ஒலிவாங்கியில் வாசித்துவிட்டார்! அதனால் இசைத்தட்டில் அவர் ஒலி தூரத்தில் கேட்டது. வெகு காலத்துக்குப் பிறகு ரேடியோக்காரர்களின் பதிவு அகப்பட்டு, இரண்டையும் சேர்த்து 1999-ல் வெளியிட்டார்கள். நம் நண்பரின் அமெரிக்கக் குரலுக்கு எல்லிங்டன் கோஷ்டி செய்த உபகாரம் இது.

மூன்றாவது, மைல்ஸ் டேவிஸ் 1959-ல் வெளியிட்ட 'கைண்ட் ஆப் ப்ளூ'. நம் ராக ஆலாபனையில் பழகிய காதுகளுக்கு முதல் நாளே இணங்கும். லய விவகாரத்தில் ருசி உள்ளவர்கள் அதே வருஷம் டேவ் ப்ரூபெக் கோஷ்டியார் பதிவு செய்த 'டேக் பைவ்' என்பதைக் கேட்கலாம். ஐந்து எண்ணிக்கையில் நடப்பது.

நான்காவது, அந்த ஞாயிற்றுக்கிழமை.

எப்படிக் கேட்பது என்பதற்கும் நண்பரின் கார்டு ஒன்றில் விதி இருக்கிறது. முதல் தடவை முழுவதையும் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை பாஸ் ஒன்றை மட்டும் பின்பற்ற வேண்டும். மூன்றாம் தடவை டிரம். நான்காம் தடவை மறுபடியும் முழுவதும். நான்காம் தடவையில் அது வேறு சங்கீதமாகியிருக்கும். பால் கணக்குக்கு அடியிலிருந்து இந்த விதியைப் படித்தெடுக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

* * *

ஜூலையில் திரும்பி வந்ததும் திருவல்லிக்கேணிக்குச் சென்றோம். திங்கட்கிழமை தூங்கியதை முதலில் ஒப்புக் கொண்டோம். "தெரியும். 'கட்டடம் அதிர்ந்தது' என்று எழுதினீரே, அப்போதே தெரியும்" என்றார். பிறகு நோட்டைப் பிரித்து, அவருடைய இடது காதுக்கருகில் உரக்கப் படித்தோம். கம்பித் துடைப்பம், குச்சி, பாஸ்காரர் சொன்ன பதில், பியானோக்காரரின் சிரிப்பு, பனிக்கட்டி. அவர் குறுக்கே பேசவில்லை. டிரம் எப்படி நடந்தது என்று காட்டுவதற்காக அவர் மேஜையில் தட்டினோம். உடனே நம் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஸமத்திலா தட்டினீர்? அங்கேயும் இப்படித்தான் தட்டினீரா?"

"தொடையில்" என்றோம்.

"மானத்தை வாங்கிவிட்டீரே ஓய்! இரண்டிலும் நாலிலும் தட்ட வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவனைப் பார்த்தால் அந்த ஊரில் சிரிப்பார்கள்" என்று சொல்லி, நம் கையை எடுத்துத் தம் கையால் சரியான இடத்தில் தட்டிக் காட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் நம் தொடையை ஏன் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். அவருடைய மனைவியார் சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தார். 1961 இசைத்தட்டை எடுத்துத் துடைத்துச் சுழல விட்டார். "எனக்குத் தகரந்தான் கேட்கும். நீர் கேளும். டம்ளர் சத்தம் வரும்போது விரலைத் தூக்கும்" என்று சொல்லிவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஒலிபெருக்கியின் மரப்பெட்டி மீது உள்ளங்கையை வைத்துக் கொண்டு கண்ணை மூடிக் கொண்டார்.

நாம் வேறெப்போதும் கேட்டிராத கவனத்துடன் கேட்டுக் கொண்டிருந்தோம். பின்னணியில் கசமுசவென்று பேச்சுக் குரல் வந்தது. பியானோ அதற்கு மேலே மிதந்து சென்றது. பாஸ் அதனுடன் பேசியது. எங்கேயோ ஒரு கண்ணாடி கிணுங்கிற்று. நாம் விரலைத் தூக்குவதற்காக நிமிர்ந்து பார்த்தோம். நண்பருடைய விரல் நமக்கு முன்பே எழும்பியிருந்தது.